தலெந்தாவின் கோடு

ஒரு காரியத்தைக் கையில் எடுத்துவிட்டாள் என்றால் யார் தலைகீழாக நின்றாலும் தலெந்தாவைத் திருப்ப முடியாது. தூனிஸ் நகரத்தில் அவள் வேலை பார்த்த மருத்துவமனையில், வாசல் காவலாளியிலிருந்து பேராசிரியர்கள்வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. ஐம்பத்து நாலு வயது. கட்டையான உடம்பு, கத்தரித்த முடி, யாருக்கும் அடங்காத வாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "பண்ணிக்கிட்டவங்க எல்லாம் என்ன சொல்றாங்க? அதை முதல்ல கேட்டுட்டு வா" என்பாள். கேட்டவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு, உடம்பைப் பற்றி. சின்ன வயசில் வந்துபோன அம்மையையும் ஜலதோஷத்தையும் தாண்டி எந்த நோயும் அவளிடம் வந்ததில்லை. ஆய்வகத்தில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிடும் ஜனவரி மாதத்தில்கூட, காலையில் தெருமுனைக் கடையில் ஒரு கிண்ணம் லப்லாபி வாங்கி, சூடான கொண்டைக்கடலைக்கு மேலே மிளகாய் விழுதை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மாடியும் ஏறி வந்து நிற்பாள். லீவு கேட்டு வருபவர்களை அவள் பார்க்கும் பார்வையிலேயே பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும்.

ரத்தத்தில் வெள்ளையணுக்கள் எத்தனை என்று எண்ணுவது எந்த ஆய்வகமும் செய்கிற வேலை. தலெந்தா பார்த்தது, அவை விழிக்கின்றனவா என்று. கிருமி வந்திருக்கிறது என்ற சேதி கிடைத்ததும் ஒரு வெள்ளையணு முதலில் தன் உள்ளே சேர்த்துவைத்திருக்கும் கொஞ்சம் கால்சியத்தைத் திறந்துவிடும். அந்த இருப்பு தீர்ந்ததும் அணுவின் சுவரிலுள்ள சின்னச் சின்னக் கதவுகள் திறந்து, வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாயும். பாய்ந்தால்தான் அணு சண்டைக்குக் கிளம்பும், தன்னைப் போல இன்னும் ஆயிரத்தைப் பெருக்கும். கதவு திறக்கவில்லை என்றால், அணு இருக்கும், எண்ணிக்கையில் வரும், ஆனால் உப்புக்குச் சப்பாணியாக நிற்கும். கால்சியம் பட்டால் ஒளிரும் சாயம் ஒன்றை அணுக்களில் ஏற்றிக் கருவியில் ஓடவிட்டு, அவற்றைச் சீண்டிவிடும் மருந்தைச் சேர்த்தால், திரையில் ஒரு கோடு கிடுகிடுவென்று மேலே ஏறும். அந்தக் கோட்டின் உயரத்தில்தான் விஷயம் இருக்கிறது.

இந்தச் சோதனையை அந்த ஆய்வகத்துக்குக் கொண்டுவந்ததே அவள்தான். நோயாளியின் ரத்தத்தோடு ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தத்தையும் அதே நாளில் ஓட்டி, இரண்டு கோடுகளையும் ஒப்பிட வேண்டும். ஆரோக்கியமான ஆளுக்கு எங்கே போவது? எல்லா ஆய்வகங்களிலும் உள்ள வழக்கம்தான்: வேலை செய்பவர்களே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொள்வார்கள். கருவியை ஓட்டும் ஹமாதி சிகரெட் குடிப்பான். வசந்தம் வந்தால் தும்மலுக்கு மாத்திரை போடுவான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வியாதி. அதனால் எப்போதும் தலெந்தாவின் கைதான். அவள் கோட்டின் அச்சுப்பிரதி ஒன்று கருவிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. ஆய்வகத்தில் எல்லோரும் அதைத் தலெந்தா கோடு என்றார்கள். அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

வஹீதா தன் ஐந்து மாதக் குழந்தை சிரினைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தது ஆகஸ்ட் மாதத்தில். நாட்டின் நடுவிலுள்ள மலைப்பக்கத்துப் பெண். குழந்தையின் வாய் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. பிறந்தவுடன் போட்ட தடுப்பூசியே அக்குளில் கட்டியாகத் திரண்டிருந்தது. மூச்சு விடும்போது விலா எலும்புகள் உள்ளே இழுத்தன. இதற்கு முன் ஒரு பையன் பிறந்து இதே மாதிரி போயிருந்தான். குழந்தையின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்த தலெந்தாவிடம் வஹீதா கேட்டாள்.

"மதாம், வெள்ளையணு எல்லாம் எண்ணிப் பார்த்தாச்சு, சரியாத்தான் இருக்குன்னு கீழே சொன்னாங்க. சரியா இருந்தா இவ ஏன் இப்படிக் கிடக்கா?"

"அதைப் பார்க்கத்தானே ஊசியும் கையுமா நிக்கறேன்."

"என் பையனுக்கும் இதேதான் சொன்னாங்க. எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிச் சொல்லியே மண்ணுல வச்சோம்." அவள் அழவில்லை, சண்டைக்காரி மாதிரிதான் பேசினாள். "இன்னொண்ணு. இவளுக்கு வேர்க்கவே வேர்க்காது. இந்த வெயில்ல நானே தொப்பலா நனைஞ்சு நிக்கறேன், இவ நெத்தியைத் தொட்டுப் பாருங்க. டாக்டர்கிட்ட சொன்னா, அதிர்ஷ்டக்காரின்னு சிரிக்கறாரு."

தலெந்தா தொட்டுப் பார்த்தாள். நெற்றி சூடாக, காகிதம்போல உலர்ந்து இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கால்சியக் கதவு திறக்காத குழந்தைகளுக்கு வியர்வையும் வராது என்று அவள் படித்திருந்தாள். அணு விழிக்கவும் வியர்வை சுரக்கவும் அதே கதவுதான் வேண்டும். குழந்தையோடு தாய் தகப்பன் இருவருடைய ரத்தத்தையும் எடுத்தாள். தன் கையிலும் ஒரு குழாய் எடுத்துக்கொண்டாள்.

முடிவு அவள் நினைத்தபடி வரவில்லை. சிரினின் கோடு தரையோடு கிடக்கவில்லை. மெதுவாக ஊர்ந்து, தலெந்தாவின் கோட்டில் பாதிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. தாய் தகப்பன் இருவருடைய கோடுகளும் தலெந்தாவின் கோட்டோடு ஒட்டியே ஏறின.

எலும்பு மஜ்ஜை மாற்றும் பிரிவின் தலைவர் லஸ்அத், அந்த ஊர் மரியாதைப்படி எல்லோருக்கும் 'சி லஸ்அத்', அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். அவர் முரடர் இல்லை, ஆனால் கவனக்காரர்.

"தலெந்தா, இது பரம்பரைக் குறைன்னு நீங்க சொல்றீங்க. அப்படின்னா தாய்கிட்ட ஒரு பாதி, தகப்பன்கிட்ட ஒரு பாதி கெட்டிருக்கணும். அவங்க கோடு பாதியா இருக்கணும். முழுசா இருக்கே?"

"தெரியுது, சி லஸ்அத்."

"குழந்தைக்கும் கொஞ்சம் ஏறுது. இவ்வளவு சீக்காக் கிடக்கற உடம்புல யாருக்கும் கோடு இறங்கத்தான் செய்யும். மஜ்ஜை மாத்தணும்னா முதல்ல விஷ மருந்து குடுத்து இருக்கறதை அழிக்கணும். இந்தப் பூஞ்சை உடம்புக்கு நான் அதைக் குடுத்து, கடைசியில நோய் வேறன்னு ஆச்சுன்னா, அவளைக் கொன்னவன் நான்தான். மரபணு முடிவு வெளிநாட்டுலேருந்து வரட்டும்."

"அது வர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் இந்தக் குழந்தை இருக்காது."

"அப்ப எனக்கு வேற ஆதாரம் குடுங்க."

அவர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் தலெந்தாவுக்கு அதிக எரிச்சலைக் கிளப்பியது. கதவைச் சாத்தின வேகத்தில் நடைபாதையிலிருந்த செவிலி திரும்பிப் பார்த்தாள். "என்ன பார்வை? காத்து!" என்று அவளிடம் சீறிவிட்டு தலெந்தா படியிறங்கினாள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் வஹீதா ரொட்டியைப் பிய்த்து ஆலிவ் எண்ணெயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலெந்தாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் நகர்ந்து இடம் கொடுத்து, ரொட்டியில் பாதியை நீட்டினாள்.

"சாப்பிடுங்க மதாம். கோபத்தை வெறும் வயித்துல வச்சுக்கக்கூடாது."

"ஊர்லேருந்து வந்த ரொட்டியா?"

"மாமியார் அடுப்புல சுட்டது. வாய்தான் கசப்பு, கை நல்ல கை." தலெந்தா சிரித்துவிட்டாள். உடனே வஹீதா, அந்த நாட்டில் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்காமல் எழுந்து போகாத கேள்வியைக் கேட்டாள். "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?"

"எங்க ஊர் பிஸெர்த். அப்பா துறைமுகத்துல இருந்தாரு."

"அம்மா?"

"அம்மா மக்தருக்கு மேலே மலையில ஒரு குக்கிராமம். அயின் ஸர்கா. எனக்கு விவரம் தெரியறதுக்குள்ள போயிட்டாங்க. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை."

வஹீதா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "அயின் ஸர்காவா? ஊத்துக்குப் பக்கத்து வீடா, மேட்டு வீடா?"

"எனக்கென்ன தெரியும்? ஏன்?"

"அடி ஆத்தி! நானும் என் வீட்டுக்காரரும் அங்கதான்! அங்க இருக்கறதே முப்பது வீடு. எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான்தான், வெளியில பொண்ணு எடுக்கறதும் இல்லை, குடுக்கறதும் இல்லை. உங்கம்மா ஒருத்திதான் தப்பிச்சுப் போயிருக்காங்க!" அவள் தலெந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீங்க எனக்குப் பெரியம்மா முறை. இத்தனை நாளா மதாம் மதாம்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கேன் பாருங்க."

தலெந்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. ரொட்டியைப் பெஞ்சின்மேல் வைத்தாள். தாய் தகப்பனின் கோடு பாதியாக இருக்க வேண்டும். அது என் கோட்டோடு ஒட்டிப் போகிறது. அவர்களும் அயின் ஸர்கா, என் அம்மாவும் அயின் ஸர்கா. அப்படியென்றால் என் கோடு?

"என்ன பெரியம்மா? உறவுன்னதும் இப்படி வெளுத்துட்டீங்க? காசு ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"இரு, வரேன்" என்று எழுந்தவள் படிகளில் ஓடினாள். அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஹமாதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"உட்காரு. கையை நீட்டு."

"எதுக்கு?"

"ரத்தம் வேணும்."

"ஸ்ஃபாக்ஸ்காரன்கிட்டயா? எங்க ஊர்ல தும்மலைக்கூட இலவசமாக் குடுக்க மாட்டோம், மதாம். அதுவும் இல்லாம நான் சிகரெட் குடிக்கறேன், ஆரோக்கியமில்லைன்னு நீங்கதான் துரத்தினீங்க."

"ஹமாதி, நான் விளையாடலை."

அவள் குரலைக் கேட்டு அவன் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தான். காவலாளியையும் மேலே வரச்சொன்னாள். அவர் தெற்கே கஃப்ஸா பக்கத்து மனிதர், அயின் ஸர்காவைக் காதால்கூடக் கேட்டதில்லை. மூன்றாவதாகத் தன் கையில் எடுத்தாள். சாயம் ஏற்றி, அணுக்கள் அதைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

முதலில் அவளுடையது ஓடியது. சுவரில் ஒட்டியிருந்த அதே கோடு. அடுத்து ஹமாதியுடையது. மருந்து சேர்த்ததும் கோடு ஏறியது, தலெந்தாவின் உயரத்தைத் தொட்டது, நிற்கவில்லை. அதைத் தாண்டி இன்னொரு மடங்கு போய்த்தான் ஓய்ந்தது. காவலாளியுடையதும் அதே உயரம்.

"கருவி கெட்டுப்போச்சா?" என்றான் ஹமாதி.

"கருவி நல்லாத்தான் இருக்கு. நான்தான் பாதி."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். வெட்கம் முதலில் வந்தது, உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம். ஆரோக்கியத்துக்கே அளவுகோல் என்று தன்னைத் தானே சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டவள். அதற்குப் பின்னால் பயம் வந்தது. இந்தக் கோட்டை வைத்து எத்தனை குழந்தைகளுக்குப் பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்! உண்மையான அளவில் பாதிக்கும் கீழே நின்றவர்களைக்கூட அவள் சரி என்றுதானே அனுப்பியிருப்பாள்?

ஹமாதி கெட்டவன் இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் நினைத்தான். "மதாம், இந்தக் குழந்தைக்கு என் ரத்தத்தை வச்சுத் திரும்ப ஓட்டிக் குடுத்துடலாம். யார் ரத்தம்னு யாரு கேக்கப்போறாங்க? பழசைத் தோண்டினா உங்க பேருதான் நாறும்."

"நாறட்டும்."

"ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச வருஷம்தான்..."

"ஹமாதி, வாயை மூடு. நான் தப்பா அளந்திருக்கேன். அளந்த குழந்தைங்க ஒவ்வொண்ணையும் திரும்பக் கூப்பிடப்போறேன். வராத வீட்டுக்கு நானே போய்க் கதவைத் தட்டப்போறேன். நாளைக்குக் காலையில முதல் வேலை சிரின்."

மறுநாள் சிரினின் கோட்டை ஹமாதியின் கோட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தபோது, ஏறியதாக அவர்கள் நினைத்தது தரையில் கிடக்கும் ஒரு சின்ன மேடுதான் என்று தெரிந்தது. தாய் தகப்பன் இருவரும் சரியாகப் பாதியில் நின்றார்கள்.

அந்த வாரக் கூட்டத்தில் தலெந்தா எழுந்து நின்று சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவளுடைய தாயின் ஊர், அவளுடைய பாதிக் கோடு, இத்தனை வருஷத் தப்பு, எல்லாம். யாரோ ஒரு இளம் டாக்டர் தொண்டையைச் செருமினார். சி லஸ்அத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"குழந்தை விஷயத்துல எனக்கு இப்ப சந்தேகமில்லை" என்றார் கடைசியில். "மாத்தத்தான் வேணும். ஆனா வேற சிக்கல். மஜ்ஜை பொருந்தறது அவ அக்கா தஸ்னீமுக்கு மட்டும்தான். ஆறு வயசுப் பொண்ணு. நேத்து நீங்களே அவளையும் ஓட்டினீங்க."

"பாதி" என்றாள் தலெந்தா.

"அவளும் பாதி. இவ்வளவு விஷத்தைக் குடுத்து, பாதி வேலை செய்யற மஜ்ஜையைக் கொண்டுபோய் வைக்கவா? மஜ்ஜை தானம் பண்றவங்க பதிவேட்டுல முழு ஆள் கிடைக்கறவரைக்கும் காத்திருக்கறதுதான் முறைன்னு சில பேர் நினைக்கறாங்க. பாதி போதுமான்னு யாருக்குத் தெரியும்?"

தலெந்தா மேசையைத் தட்டவில்லை. தட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மேசையைச் சுற்றி நடந்து அவர் எதிரில் போய் நின்றாள்.

"என்னைப் பாருங்க, சி லஸ்அத். எத்தனை வருஷமாப் பாக்கறீங்க? நான் ஒரு நாள் படுத்துப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லை."

"அம்மை வந்துச்சு, போச்சு. உங்க வார்டுல இருக்கற எல்லாக் கிருமியும் என் மூக்கு வழியாப் போய் வந்திருக்கு. நான் பாதியிலதான் நடந்தேன், பாதியிலதான் மூணு மாடி ஏறினேன், பாதியை வச்சுக்கிட்டுத்தான் இந்த ஆஸ்பத்திரியில எல்லாரோடயும் சண்டை போட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு ஆளை வச்சு..."

"ஒரு ஆளா? வஹீதா, அவ புருஷன், மலை மேல இருக்கற பாதி ஊரு. அத்தனை பேரும் பாதி. நான் அளவுகோலா இருக்க லாயக்கில்லை, ஒத்துக்கறேன். ஆனா பாதி போதும்ங்கறதுக்கு என்னைவிட நல்ல சாட்சி உங்களுக்கு எங்கேயும் கிடைக்காது. இன்னும் என் ரத்தம் வேணுமா, எடுத்துக்குங்க. என்ன சோதனை வேணுமோ பண்ணுங்க. முழு ஆளுக்காகக் காத்திருந்தா அந்தக் குழந்தை பூஜ்யத்தோடயே போயிடுவா."

சி லஸ்அத் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தஸ்னீமோட அப்பாவைக் கூப்பிடுங்க" என்றார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க சிரின் கண்ணாடி அறைக்குள் கிடந்தாள். முடி கொட்டியது, வாய் புண்ணானது, இரண்டு தடவை இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வஹீதா முகமூடிக்குள்ளிருந்து ஓயாமல் மகளைத் திட்டிக்கொண்டே இருந்தாள்: "ஏய், உன் அக்கா இடுப்புல ஊசி குத்திக்கிட்டுக் குடுத்திருக்கா, சும்மாவா? வீணாக்கினே, தெரியும் சேதி!" தஸ்னீம் தன் இடுப்புக் கட்டை வருகிற போகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பிஸ்கட் வசூல் செய்தாள்.

தலெந்தா அந்த மாதங்களில் சொன்னபடியே செய்தாள். பழைய குழந்தைகளைத் தேடிப் பேருந்திலும் லுவாஜ் வேனிலும் அலைந்தாள். சில வீடுகளில் டீ கொடுத்தார்கள், ஒரு வீட்டில் கதவை முகத்தில் அடித்தார்கள். கெஃப் பக்கத்தில் ஒரு சிறுவனுக்கு உண்மையாகவே குறை இருந்தது. இருமிக்கொண்டு, ஆனால் உயிரோடு இருந்தான். அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து சி லஸ்அத் முன்னால் உட்காரவைத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. தன்மேல் இருந்த கோபம் அவளுக்குத் தீரவே இல்லை, தீர வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை.

சிரினின் ரத்தத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் நாள் வசந்தத்தில் வந்தது. வஹீதா கூடவே மேலே வந்துவிட்டாள், அனுமதி இல்லை என்று ஹமாதி சொன்னதற்கு, "நான் என் பெரியம்மா வீட்டுக்கு வந்திருக்கேன், உனக்கென்ன?" என்று கேட்டுவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மேல் அளவுக்கு ஹமாதியின் ரத்தம். பாதி அளவுக்குத் தலெந்தாவின் ரத்தம். நடுவில் குழந்தையுடையது. ஹமாதி மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி, ஒரே திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டான்.

அவனுடைய கோடு தனியாக மேலே நின்றது. கீழே பாதி உயரத்தில் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது.

"ஒண்ணைக் காணோமே?" வஹீதாவின் குரல் உடைந்தது. "பெரியம்மா, என் பொண்ணோடது எங்கே? ஏறலையா?"

ஹமாதி திரையைப் பெரிதாக்கினான். அப்போதுதான் அது இரண்டாகப் பிரிந்தது. நூல் இழைகள் இரண்டு, பின்னிக்கொண்டு, ஒரே வேகத்தில் ஏறி ஒரே உயரத்தில் நின்றிருந்தன.

"இதுல எது சிரினோடது?" என்று கேட்டாள் வஹீதா.

தலெந்தா திரைக்கு அருகில் குனிந்தாள். தன் கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள், அத்தனை தடவை பார்த்திருக்கிறாள். வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு வஹீதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆய்வகத்தில் யாரும் அதுவரை பார்த்திராத வகையில், அடக்காமல் அழுதாள்.

"தெரியலைடி" என்றாள். "எனக்கே தெரியலை."